பொறியியற் பௌதிகம் யாருக்கு ஏற்றது?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறுவோர், ரிவர்ஸ்டனில் உயர்ந்ததோர் அலைபரப்புக் கோபுரத்தைக் காண்பர். பெருங்காற்று வீசும் அம்மலையில் கோபுரம் எதற்கு? உயர்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. மலை குறுக்கிட்டால் தடைப்படுவன. ஆதலின் அவற்றை உயரத்திலிருந்து பரப்புகின்றனர். இவ்வுண்மையைக் கண்டு கூறுவது பௌதிகம். காற்றுக்குச் சாயாத கோபுரத்தையும் பழுதின்றி இயங்கும் கருவியையும் ஆக்குவது பொறியியல். இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிப்பதே பொறியியற் பௌதிகம்.

"ஆராய்ச்சிக்கும் வழி வேண்டும்; உத்தியோகமும் வேண்டும். இப்பட்டம் இரண்டையும் தருமா?" உயர்தரக் கணிதப் பிரிவிற் பயிலும் பிள்ளைகளின் இல்லங்களில் எழும் வினா இது. கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் பௌதிகவியல் துறையில் இப்பாடத்துக்குச் சிறப்புப் பட்டப் படிப்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிலும் நான்காண்டுப் படிப்பாக இது அமைந்துள்ளது.

ஆராய்ச்சியை முதலில் நோக்குவோம். போல் டிராக் 1921இல் பிரிஸ்டலில் மின்பொறியியற் பட்டம் பெற்றார். போருக்குப் பிந்திய மந்தத்தில் அவருக்கு வேலை கிட்டவில்லை. பின்னர் கணிதம் கற்று, 1933இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றார். அண்ணளவான கணிப்பின் அருமையைத் தமக்கு உணர்த்தியது பொறியியற் கல்வியே என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1947இல் திரான்சிஸ்டரை உருவாக்கியவருள் ஒருவரான ஜோன் பார்டீனும் முதலில் மின்பொறியியலே பயின்றவர். பௌதிகத்துக்கான நோபெல் பரிசை 1956இலும் 1972இலுமாக இருமுறை பெற்றவர் இதுவரை அவர் ஒருவரே. பொறியியல் கற்ற கை ஆராய்ச்சிக்குத் தடையன்று என்பது இதனால் விளங்கும்.

உத்தியோகத்தைப் பற்றியோ சற்று எச்சரிக்கை வேண்டும். பெயரில் 'பொறியியல்' இருப்பதனால் மட்டும் ஒரு பட்டம் பொறியியலாளர் பதவிக்குரிய தகுதியாகிவிடாது. விஞ்ஞான பீடப் பட்டம் வேறு. பொறியியற் பீடப் பட்டம் வேறு. பாலமும் அணையும் கட்ட விரும்பும் பிள்ளைக்குப் பொறியியற் பீடமே நேர்வழி. இலத்திரனியல், அளவைக் கருவிகள், மருத்துவக் கருவிகள், குறைகடத்திகள், கணினி ஆகிய துறைகளை நாடுவோருக்குப் பொறியியற் பௌதிகம் நல்ல அடித்தளம்.

எனவே விண்ணப்பிக்குமுன் சிலவற்றை விசாரித்தறிக. ஆய்வுகூடப் பயிற்சி எவ்வளவு? இறுதியாண்டில் ஆராய்ச்சித் திட்டம் உண்டா? தொழிற்சங்கங்களின் அங்கீகாரம் யாது? முன்னர் கற்றோர் இன்று எங்கே பணியாற்றுகின்றனர்? இவற்றுக்குத் தெளிவான விடை பெறாமல் பட்டத்தின் பெயரில் மயங்குதல் தகாது.

பெற்றோரே, இவற்றினும் முதன்மையானது பிள்ளையின் மனப்பாங்கு. சமன்பாட்டைத் தீர்த்ததும் அதனைக் கருவியிற் சோதித்துப் பார்க்கத் துடிக்கும் பிள்ளைக்கு இது உகந்த கல்வி. பொறியியற் பீடத்தில் இடங்கிடையாமையால் மனமின்றிச் சேரும் பிள்ளைக்கோ, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலையே எஞ்சும். பட்டத்தைத் தெரிவு செய்யுமுன் பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். படிக்கப் போவது அப்பிள்ளையே அன்றோ!