எஞ்சின் நின்றால் விமானம் எங்கே இறங்கும்?

2021 டிசம்பரில், சில நாள் இடைவெளியில், இரண்டு சிறிய விமானங்கள் அவசரமாகத் தரையிறங்கின. ஒன்று பயாகலைக் கடற்கரையில், மற்றது நீர்கொழும்புக்கு அருகே கிம்புலாபிட்டியவில். முதலாவதில் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டாவதில் இருந்தவர்கள் காயமடைந்தனர். செய்தி விரைவில் மறைந்தாலும், அது எழுப்பிய கேள்வி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நெருக்கியடித்து வாழும் எங்களுக்கும் உரியது.

விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்கு ஓடிய தலைமுறை நான். எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல விழும் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம் 3,000 அடி உயரத்தில் எஞ்சினை இழந்தாலும், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம் மிதந்து செல்லும். எரிபொருள் தீர்ந்துபோதல், அதில் தண்ணீர் கலத்தல், ஈரக்காற்றால் காபரேட்டரில் பனி படிதல் ஆகியவை எஞ்சின் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள். விமானிக்குத் தேவையானது உயரமும் வெளியான நிலமும்தான். புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றால் இரண்டுமே இருக்காது. ஓடுபாதைக்குத் திரும்ப முயன்று வேகத்தை இழந்து விழுந்த விமானங்கள் உலகெங்கும் பல.

தனியார் சிறு விமானங்களும் பயிற்சி விமானங்களும் பறப்பது ரத்மலானையில் இருந்து. வெள்ளவத்தைக்குத் தெற்கே சில கிலோமீற்றர்தான். ஒரு பக்கம் காலி வீதி, சுற்றிலும் வீடுகள், மேற்கே கடல். இடருற்றாலும் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்தின்றி இறங்கக்கூடிய உயரத்தில்தான் நெரிசலான பகுதிக்கு மேல் பறக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. புறப்படும்போதும் இறங்கும்போதும் அதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் கீழ் வாழ்பவர்கள் ஓடுபாதையின் அயலவர்கள்.

எம்மவருக்கு இது வெறும் தொழில்நுட்பம் அல்ல. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். அது எஞ்சின் கோளாறு அல்ல. புலிகளின் ஏவுகணை என்றே கூறப்பட்டது. சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டதோ 2012இல். பதினான்கு ஆண்டுகள் உறவுகள் ஒரு துணித்துண்டுகூட இல்லாமல் காத்திருந்தார்கள்.

காரணம் தெரியாத இழப்பு எத்தகையது என்று எமக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்: சிறிய விபத்தானாலும் விசாரணை அறிக்கை வெளிவரவேண்டும். விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. இறுதி அறிக்கையை இயன்றவரை 12 மாதங்களுக்குள் வெளியிடவும் சொல்கிறது. அது ஆங்கிலத்தில் மட்டும் போதாது. ஓடுபாதையின் அயலில் வாழ்பவர்கள் வாசிக்கும் தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும்.