கண்டுபிடித்ததற்கு என்ன கூலி?

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், கார் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

என் காரின் இடது முன் கதவுக் கண்ணாடி ஐந்து மாதமாக எனக்கு வேடிக்கை காட்டியது. பட்டனை அமுக்கினால் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஏறாத நாளில் கதவை ஓங்கிச் சாத்தினால் ஏறிவிடும். நாம் எல்லோரும் 'லூஸ் கான்டாக்ட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் கோளாறுதான்.

திருமயத்தில் எனக்கு வழக்கமாக வேலை பார்ப்பவர் என்னிடம் படித்த தம்பி. பெயர் வேண்டாம். முதல் தடவை கொண்டுபோனபோது பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தார், பத்துத் தடவையும் கண்ணாடி ஒழுங்காக ஏறி இறங்கியது. "சார், இங்க நல்லாத்தான் இருக்கு. வந்து வந்து போறதைப் பிடிக்கிறது கஷ்டம். ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்றார். நான் விடவில்லை. "நாளைக்கு மதுரைக்குப் போகணும்ப்பா. மோட்டாராத்தான் இருக்கும், மாத்திவிடு" என்றேன். முக்கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டார். மோட்டார் 2,600, கூலி 400. பேசாமல் கொடுத்தேன்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதை. அடுத்து டிரைவர் பக்கத்து மெயின் சுவிட்ச் மாற்றினோம். 2,500 ரூபாய். ஒரு மாதம் ஓடியது. மறுபடியும் நின்றது. அப்போது அவருடைய பட்டறையில், வேலை பார்க்கும் பையன்கள் முன்னால், "என்கிட்டயே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசியில் வீட்டம்மாவுக்குப் புதுக்கோட்டையில் கண்புரை அறுவை சிகிச்சை. மறுநாள் கண்ணைப் பார்த்துவிட்டு, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கிளம்பும்போது பூ வாங்கக் கண்ணாடியை இறக்கினார். இறங்கியது, ஏறவில்லை. நமணசமுத்திரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் துணிப்பையை ஜன்னலில் பிடித்துக்கொண்டு வந்தார். எப்போதும் கோட்டை பைரவர் முன் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிற நான் அன்று நிறுத்தாமல் வீட்டுக்கு வந்தேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இருபது கிலோமீட்டரும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெட்கத்தை விட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். "இப்பவும் ஏறலையா சார்?" என்று கேட்டார். ஏறவில்லை என்றேன். "அப்ப அந்தக் கதவைத் திறக்காதீங்க. அமுக்கிப் பார்க்காதீங்க. அப்படியே விட்டு வையுங்க, காலைல வர்றேன்" என்றார். விடிந்ததும் வந்து நின்றார்.

அன்று அவர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இயற்பியல் வாத்தியாரான எனக்கே அது பாடம்.

முதலில் நான்கே அமுக்கல். டிரைவர் பட்டனில் ஏற்று, இறக்கு. இடது கதவிலேயே இருக்கும் பட்டனில் ஏற்று, இறக்கு. நான்கில் ஒன்று மட்டும் வேலை செய்தது: இடது கதவுப் பட்டனில் இறக்கு. உடனே சொல்லிவிட்டார், "மோட்டார் நல்லா இருக்கு சார். பியூஸ் நல்லா இருக்கு. ஒரே ஒரு வயர்தான்."

எப்படி? என் கார் மாதிரிப் பல கார்களில், இடது கதவுப் பட்டனுக்கு நேரடி சப்ளை ஒன்று வரும். அது தவிர, டிரைவர் சுவிட்சிலிருந்து ஏற்று வயர், இறக்கு வயர் என்று இரண்டு வரும். யாரும் அமுக்காதபோது இந்த இரண்டும் டிரைவர் சுவிட்ச் வழியாக எர்த்தில் இருக்கும். இடது பட்டனில் ஏற்றினால், மோட்டாருக்குள் போன மின்சாரம் இறக்கு வயர் வழியாகத்தான் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். இறக்கினால் ஏற்று வயர் வழியாகத் திரும்பும். ஆகவே இறக்கு வயர் ஒன்று அறுந்தால் மூன்று அமுக்கல் செத்துப்போகும், ஒன்று மட்டும் பிழைக்கும். கண்ணாடி இறங்கும், ஏறாது. எங்களுக்கு மழையில் நடந்தது அதுதான்.

இந்தக் கதவுப் பட்டனை நெம்பி மேலே எடுத்தார். டிரைவர் பக்கமாக உள்ளே போய்த்தான் எடுத்தார், கெட்ட கதவைத் திறக்கவே இல்லை. மல்டிமீட்டரை சப்ளை வயருக்கும் இறக்கு வயருக்கும் நடுவில் வைத்தார். 12 வோல்ட் காட்டியது. "வயர் சரியாத்தானேப்பா இருக்கு?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன் விளக்கை எடுத்தார். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு துண்டு வயர். அதே இடத்தில் வைத்ததும் பல்பு பீடி நெருப்பு மாதிரி மங்கலாகச் சிவந்தது.

டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டிவிடும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் ஆம்பியர் கேட்கும். அப்போதுதான் வயரின் வண்டவாளம் தெரியும். அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் இருப்பதுபோல் தெரியும், திறந்தால் சொட்டும்.

பிறகு விளக்கை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளியே போய்க் கதவை மெல்லத் திறந்தார். பாதி திறந்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. சாத்தினார், மங்கியது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில், கீல் ஓரத்தில், வயர்கள் போகும் ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறதே, அதைப் பிதுக்கி வயரை இழுத்தார். மேலுறை அப்படியே இருந்தது. இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்துகிடந்தது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் வயர் மடங்குகிறது.

பட்டறையில் ஏன் கோளாறு ஒளிந்துகொண்டது என்பதும் அப்போது புரிந்தது. அங்கே கதவு எப்போதும் திறந்தே இருந்தது! மோட்டார் மாற்றியபோதும் சுவிட்ச் மாற்றியபோதும் கதவைத் திறந்து மூடி, வயரை அசைத்ததில் இழைகள் தற்செயலாக ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்துவிட்டு 'மோட்டார்தான் போயிருந்தது' என்று நாங்கள் நம்பினோம். பொருளை மாற்றியதும் சரியானது என்பதால் அந்தப் பொருள்தான் கெட்டிருந்தது என்று ஆகிவிடாது.

மடங்கும் இடத்தைத் தவிர்த்து, இரண்டு பக்கமும் தள்ளி ஜாயின்ட் போட்டுப் பற்றவைத்து, நல்ல வளையும் வயராகச் சேர்த்தார். மொத்தம் இரண்டரை மணி நேரம். "எவ்வளவுப்பா?" என்றேன். "சாமான் ஒன்னும் போடலையே சார். இருநூறு குடுங்க" என்றார்.

அந்த இருநூறுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. தவறான மோட்டாரை முக்கால் மணி நேரத்தில் மாட்டியதற்கு 3,000 கொடுத்தேன். சரியான கோளாறை இரண்டரை மணி நேரம் தேடிப் பிடித்தவருக்குக் கேட்க வாய் வந்தது 200. காரணம் நாம்தான். சாமானுக்குத்தான் காசு கொடுப்போம், தேடியதற்குக் கொடுக்க மாட்டோம். 'ஒரு வயர் ஒட்டினதுக்கா இவ்வளவு?' என்று கேட்போம். அப்படிப்பட்ட ஊரில் மெக்கானிக் சாமானைத்தான் மாற்றுவார். அவரும் குடும்பம் நடத்த வேண்டுமே. நான் அவரை ஏமாற்றுக்காரர் என்கிற மாதிரிப் பேசினேன். இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்று முதல் நாளே அவர் சொன்னதை நான் மறந்துவிட்டேன்.

இன்னொரு குற்றமும் என்னுடையது. பிளஸ் டூ செய்முறை வகுப்பில் மீட்டர் சமனச்சுற்று வைப்போமே, நினைவிருக்கிறதா? கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கமாக அடித்தால் நான் என்ன செய்வேன்? "நகரு" என்று சொல்லிவிட்டு நானே வயர் நுனியை உப்புத்தாளால் தேய்த்து இணைத்துவிடுவேன். ரீடிங்குக்குத்தான் மதிப்பெண். வேலை செய்யாத சுற்றை ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க உங்களில் ஒருவருக்கும் நான் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தத் தம்பி அதைப் பட்டறையில் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். இப்போது ஆசிரியர்களாக இருக்கும் மாணவர்களே, வருடத்துக்கு ஒரு வகுப்பாவது வேண்டுமென்றே ஒரு வயரைக் கெடுத்து வைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுங்கள்.

'தேடினேன் என்று சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டுக் காசு கேட்டால்?' என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எத்தனை மணி நேரம் வரை தேடலாம், மணிக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கோளாறைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். எனக்குப் பல்பு மங்கியதும் எரிந்ததும் காட்டப்பட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 'கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தால் தெரியாதா?' என்றும் கேட்கலாம். பல கார்களில் இந்தச் சுற்று கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. தொடும் கார்களிலும் எந்தச் சுற்று என்று அது சொல்லும், எந்த இடத்தில் அறுந்தது என்று மனிதன்தான் தேட வேண்டும்.

கண்ணாடிதானே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 2010 ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் உலகம் முழுவதும் 6 லட்சத்து 46 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. டிரைவர் பக்கத்து விண்டோ சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கினால் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். அதற்கு முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்காவில் கார் தீப்பிடித்து ஒரு குழந்தை இறந்திருந்தது. இந்தியாவில் மட்டும் 8,532 சிட்டி கார்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. 2012 அக்டோபரில் டொயோட்டா 74 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அழைத்தது. சுவிட்சுக்குள் கிரீஸ் சீராகப் பூசப்படாததால் பட்டன் சிக்கியது. கடையில் விற்கும் லூப்ரிகன்ட்டை அதில் அடித்தால் சுவிட்ச் உருகிப் புகையலாம் என்று எச்சரித்தார்கள். பட்டன் சிக்கினால் ஸ்பிரே அடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுவிட்ச் சுட்டாலோ கருகல் வாசம் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

உங்கள் காரிலும் இப்படி வந்து போனால்:

1. கோளாறு இருக்கும்போதே நான்கு அமுக்கலையும் செய்து போனில் வீடியோ எடுங்கள். கதவு திறந்திருந்ததா, மழையா, வெயிலா என்று சொல்லிக்கொண்டே எடுங்கள்.

2. இரவில் உள் விளக்கைப் போட்டுவிட்டுப் பட்டனை அமுக்குங்கள். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, கண்ணாடியோ மோட்டாரோ இறுகியிருக்கலாம். மங்கவே இல்லையென்றால் வழியில் எங்கோ துண்டிப்பு.

3. இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கியதும் நின்று, கால் மணி நேரம் கழித்து ஓடினால், கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் சூடானால் தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு உண்டு.

4. கதவைத் தட்டினால் மட்டும் ஓடினால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

5. கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால், ஒருவர் பட்டனை அமுக்க, இன்னொருவர் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளிப் பார்க்கலாம். விரல் பத்திரம்.

6. பியூஸ் போனால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் வயர் எரியும்.

7. பல்பு வைத்துப் பார்ப்பதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். மஞ்சள் உறை போட்டவை ஏர்பேக் வயர்கள், அவற்றில் கை வைக்கவே கூடாது.

அன்று தம்பி வேண்டாம் என்று மறுத்தும் ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். மணிக்கு நானூறு என்று நானே கணக்குப் போட்டேன். மறுநாள் பட்டறைக்குப் போய், அதே பையன்கள் முன்னால், "தப்பு என் பேர்லதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் டீ வாங்கிவரச் சொன்னார்.

எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் மாணவர்கள் யாராவது நான் எழுதியதில் பிழை கண்டால் கீழே திருத்துங்கள். தேடுகிற வேலைக்கு மணிக்கு எவ்வளவு வாங்கினால் கட்டுப்படியாகும் என்றும் எழுதுங்கள். கூச்சப்பட வேண்டாம். கார் வைத்திருக்கும் மற்றவர்கள் அதைப் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார், திருமயம்