கப்பலுக்குக் கெடு உண்டு, கரைக்கு?

இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் விக்கிரமாதித்தியா. நீளம் 284 மீட்டர். எடை 44,000 டன்னுக்கு மேல். மேல்தளத்திலே மிக்-29கே போர் விமானங்கள். கடலில் ஓர் ஊரே மிதந்து வருகிறது என்று கண்டவர் வியக்கும் கப்பல்!

அத்தகைய கப்பலுக்கும் நோவு வருகிறது. குழாயிலே துரு ஏறுகிறது. கொதிகலன் களைத்துப் போகிறது. அடிப்புறத்திலே பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டு வேகத்தைத் தின்கின்றன. அப்போது என்ன செய்கிறார்கள்? ‘பெரிய கப்பல்தானே, தாங்கும்’ என்று விட்டுவிடுகிறார்களா? இல்லை. உலர்துறைக்குள் கொண்டுபோய், வாயிலை அடைத்து, நீரை இறைத்து, கட்டைகளின் மீது நிறுத்தி, அங்குலம் அங்குலமாகச் சுரண்டி, தட்டி, மாற்றி, வண்ணம் பூசி, வெள்ளோட்டம் பார்த்து, மீண்டும் படையணியிலே சேர்க்கிறார்கள்.

2016-ல் கொச்சியிலே உலர்துறை ஏறிற்று. 2018-ல் மறுபடியும். பின்னர் ஒரு நீண்ட பழுதுபார்ப்பு முடித்து, 2023 ஜூன் திங்களில் அரபிக்கடலிலே புதிய விக்கிராந்தோடு தோளோடு தோள் நின்று பயிற்சி நடத்திற்று. 35-க்கும் மேற்பட்ட விமானங்கள் அந்தப் பயிற்சியிலே பறந்தன. அதோடு முடிந்ததா? 2024 நவம்பர் 30 அன்று கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தோடு பாதுகாப்பு அமைச்சகம் இன்னுமோர் ஒப்பந்தம் செய்தது. தொகை 1,207.5 கோடி ரூபாய். கால அளவு சுமார் ஐந்து திங்கள். ஏறத்தாழ 50 சிறு தொழில் நிலையங்களுக்கு வேலை. 3,500 பேருக்குப் பிழைப்பு. பணி முடிந்ததும் கப்பல் கூடுதல் போர்த்திறனோடு படையணிக்குத் திரும்பும் என்று அறிவித்தார்கள்.

நாம் இதைக் குறை கூறவில்லை. வரவேற்கிறோம். நாட்டுப் பாதுகாப்பு என்றால் முகஞ்சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். 1962-ல் சீனப்படை எல்லை தாண்டியபோது, பிரிவினைக் கோரிக்கையையே ஒதுக்கி வைத்து, நாட்டைக் காப்பதே முதற்கடமை என்று முன்வந்து நின்றவர் அறிஞர் அண்ணா. அந்தப் பாசறையிலே பாடம் கேட்டவர்கள் நாம். ஆகவே, பழுது நீங்கிப் புறப்படும் கப்பலை வாழ்த்துகிறோம். அதன் அடிவயிற்றிலே வியர்வை சிந்திய தொழிலாளியை அதைவிட வாழ்த்துகிறோம்.

வாழ்த்திவிட்டு ஒரு கேள்வி கேட்கிறோம். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

நம் முதல் விமானந்தாங்கிக் கப்பலின் பெயரும் விக்கிராந்துதான். பிரிட்டன் கட்டத் தொடங்கி, 1945-ல் நீரிலே இறக்கி, உலகப்போர் முடிந்ததால் அரைகுறையாக நிறுத்தி வைத்த கப்பல் அது. 1957-ல் இந்தியா வாங்கிற்று. 1961-ல் பெல்பாஸ்டிலே படையில் சேர்த்தது. 1971-ல் வங்கப்போர் மேகம் திரண்டபோது, அதன் கொதிகலன் விரிசல் விட்டிருந்தது. ‘இது எங்கே போருக்குப் போகப்போகிறது’ என்று எண்ணியவர்கள் உண்டு. ஆனால் கடற்படையினர் கைகட்டி நிற்கவில்லை. பழுதான கொதிகலனை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய மூன்றைக் கொண்டே கப்பலை ஓட்டத் துணிந்தார்கள். பம்பாயிலிருந்து நம் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு வங்கக்கடலுக்குப் போயிற்று அந்தக் கப்பல். டிசம்பர் 4 அன்று அதன் தளத்திலிருந்து எழுந்த சீஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அந்த விக்கிராந்து 1997 ஜனவரி 31 வரை படையிலே இருந்தது. பேணியதால் இருந்தது!

இன்னொரு கதையும் உண்டு, அது கசப்பானது. விக்கிரமாதித்தியாவின் பழைய பெயர் அட்மிரல் கோர்ஷ்கோவ். சோவியத் நாட்டிலே 1987-ல் படையில் சேர்ந்து, 1996-ல் ஓய்வு பெற்றுவிட்ட கப்பல். 2004-ல் ருஷ்யாவோடு ஒப்பந்தம் செய்தபோது, கப்பலைப் புதுப்பிக்க 97 கோடி டாலர் அளவு என்றார்கள். 2008-ல் தருவோம் என்றார்கள். வந்ததா? வரவில்லை. விலைதான் வளர்ந்தது, முடிவில் 235 கோடி டாலர் என்று ஆயிற்று. புதுக் கப்பல் வாங்கியிருந்தால் இதைவிட மலிவாக இருந்திருக்குமே என்று தணிக்கை அதிகாரியே கேட்டார். 2012 வெள்ளோட்டத்திலே கொதிகலன்கள் மறுபடி பழுதாயின. 2013 நவம்பர் 16 அன்றுதான் கப்பல் நம் கைக்கு வந்தது. பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

விற்றவர்களின் கதையும் அதுதான். ருஷ்யாவின் சொந்த விமானந்தாங்கி குஸ்னெத்சோவ் 2017-ல் பழுதுபார்க்கப் போயிற்று. 2018-ல் அதைத் தாங்கி நின்ற மிதக்கும் துறையே நீரில் மூழ்கிற்று. 2019-ல் கப்பலிலே தீப்பிடித்தது. ஆண்டுகள் பல உருண்டும் அது படைக்குத் திரும்பியபாடில்லை. எத்தனை பெரிய வல்லரசாயினும், பேணத் தவறினால் கடல் மன்னிப்பதில்லை.

இந்தப் பாடங்களைக் கற்றுத்தானே இன்று கொச்சியிலே நாள் குறித்து, தொகை குறித்து, பொறுப்பு குறித்து வேலை நடக்கிறது? கப்பல்களை இங்கேயே செப்பனிட 310 மீட்டர் நீள உலர்துறை ஒன்றையும் 1,799 கோடி ரூபாயில் கட்டி 2024 ஜனவரியிலே திறந்தார்களே! நன்று. மிக நன்று.

இனி நம் கேள்வி.

கப்பலைப் பேணுவது எப்படி என்று கற்றுக்கொண்ட ஆட்சியாளர்கள், கரையைப் பேணுவது எப்படி என்று எப்போது கற்பார்கள்?

‘கப்பலுக்கும் கரைக்கும் என்ன தொடர்பு? விமானந்தாங்கி எங்கே, வள்ளம் எங்கே?’ என்று சிலர் நகைப்பார்கள். நகைக்கட்டும். அவர்களை நாம் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்துக்கு அழைக்கிறோம்.

குழித்துறையாறு கடலோடு கலக்குமிடம் அது. பக்கத்திலே இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டந்துறை, நீரோடி என்று வரிசையாக மீனவர் ஊர்கள். நாள்கணக்கிலே கடலில் தங்கி, சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலில் தொழில் செய்யும் வீரர்கள் பிறந்த மண். அவர்களுடைய படகுகளிலே பல, கொச்சியிலிருந்தே கடலுக்குப் போகின்றன. கொச்சியில் கப்பலைச் செப்பனிடுவதும், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலத்திலே தம் படகைச் செப்பனிடுவதும் அவர்களுக்கு ஒன்றுதான். வட்டிக்கு வாங்கியேனும் பலகை மாற்றுவான், யந்திரம் பிரிப்பான், வண்ணம் பூசுவான். நாள் தவறமாட்டான். தவறினால் தன் உயிர் போகும் என்று தெரியும் அவனுக்கு.

ஆனால் அவன் திரும்பிவர வேண்டிய துறைமுகம்? அதன் பொழிமுகம்?

ஆறு கொண்டுவந்து தள்ளும் மணலும், கடல் கொண்டுவந்து குவிக்கும் மணலும் அந்த வாயிலிலே சேர்கின்றன. ஆழம் குறைகிறது. ஆனி ஆடிக் காற்றிலே அலை அந்த மணல்மேட்டின் மீது முறிந்து எழுகிறது. நடுக்கடலிலே புயலை வென்றவன், வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும் தொலைவிலே படகு கவிழ்ந்து மடிகிறான்! ஒருமுறையா? இருமுறையா? சாவு விழுந்ததும் மறியல். மறியல் நடந்ததும் பேச்சுவார்த்தை. பேச்சுவார்த்தை முடிந்ததும் ஆய்வு. ஆய்வு முடிந்ததும் அறிக்கை. அறிக்கை தூசி படியும்போது அடுத்த சாவு!

ஒன்றும் செய்யவில்லை என்று நாம் பொய் சொல்லமாட்டோம். அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள், அதைத் திருத்தவும் நீட்டவும் பணம் ஒதுக்கினார்கள், மணலும் வாரினார்கள். ஆனால் எப்போது? ஊர் கதறிய பிறகு! கப்பலுக்கு நோவு வருமுன்பே நாள் குறிக்கிறார்கள். துறைக்குப் பிணம் விழுந்தபின் நாள் குறிக்கிறார்கள். இந்த வேற்றுமையைத்தான் கேட்கிறோம். சுவர் எழுப்பி, கல்வெட்டு பதித்து, கத்தரிக்கோலால் நாடாவை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்களே, அந்த நினைப்பைத்தான் கண்டிக்கிறோம். விக்கிரமாதித்தியா ஒருமுறை பழுது பார்த்ததும் ஓய்ந்தார்களா? 2016, 2018, மீண்டும் 2024 என்று திரும்பத் திரும்பச் செய்யவில்லையா? மணல் மட்டும் ஒருமுறை வாரியதும் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் போய்விடுமா?

அந்த ஒப்பந்த நாளை மறுபடி பாருங்கள்: நவம்பர் 30. குமரிக் கரையிலே அந்த நாளை யாரும் மறக்கமாட்டார்கள். 2017-ல் அதே நவம்பர் 30 அன்றுதான் ஒக்கிப் புயல் நம் கடலைக் கிழித்தது. எச்சரிக்கை வந்துசேருமுன் ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள் அகப்பட்டார்கள். இம்மாவட்டத்து மீனவர் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. கடற்படையின் கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின, அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆயினும், தேடல் விரைவாக, தொலைவாக நடக்கவில்லை என்று டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்திலே தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அந்தத் தாய்மார்கள் கேட்டது என்ன? விமானந்தாங்கி கேட்டார்களா? எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள் என்றுதானே கேட்டார்கள்!

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. பகைவன் வராமல் காப்பது ஒரு பக்கம். நம்மவன் வீடு திரும்பக் காப்பது மறுபக்கம். முதற் பக்கத்துக்கு ஆயிரம் கோடி என்றால் கை தட்டுகிறோம். இரண்டாம் பக்கத்துக்கும் அதே ஒழுங்கைக் கேட்கிறோம். அதே தொகையை அல்ல, அதே ஒழுங்கை!

என்ன வேண்டும்? சொல்கிறோம். ஆண்டுதோறும், மாசி பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும்போதே, பொழிமுகத்தின் ஆழம் அளக்கப்பட வேண்டும். பருவக்காற்று தொடங்குமுன் மணல் வாரி முடிக்கப்பட வேண்டும். அலைத்தடுப்புச் சுவரில் சரிந்த கல் எத்தனை என்று கணக்கெடுத்து அடுக்க வேண்டும். தொகை எவ்வளவு, கெடு எந்த நாள், பொறுப்பாளர் யார் என்று துறைமுக வாயிலிலே பலகை எழுதி வைக்க வேண்டும். அந்தக் குழுவிலே பொறியாளரோடு மீனவனும் உட்கார வேண்டும். அலையின் போக்கை ஏட்டிலே படித்தவர் ஒருவர், உடம்பிலே வாங்கியவர் ஒருவர் என்று இருவரும் வேண்டும். புயல் செய்தி ஆழ்கடல் படகுக்கும் எட்டும் கருவியும், எந்நேரமும் எழும்பத் தயாராக நிற்கும் மீட்பு ஹெலிகாப்டரும் தென்கோடிக் கரைக்கு உரிமையாக வேண்டும்.

‘துறைமுகம் மாநிலத்தின் பொறுப்பு’ என்று டில்லி கைகாட்டும். ‘நிதி மத்திய அரசின் கையில்’ என்று கோட்டை கைகாட்டும். இரண்டு கைகளும் காட்டுகிற திசையிலே நிற்பவன் மீனவன்! கோட்டையிலே யார் அமர்ந்தாலும், நம் கழகமே அமர்ந்தாலும், இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்கத் தயங்கும் ஏட்டை மக்களின் ஏடு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

விக்கிரமாதித்தியாவே, போய் வா! செப்பனிட்ட உடலோடு, தளராத யந்திரத்தோடு, நாட்டின் கடலைக் காத்து வா! நீ குமரிமுனையைச் சுற்றிப் போகும்போது, வடக்கே கரையோரத்தில் ஒரு சிறு துறை உண்டு. அதற்குப் பெயர் தேங்காய்ப்பட்டணம். உனக்குக் குறித்ததைப் போல அதற்கும் ஒரு கெடு குறிக்கும் நாளிலேதான், நீ காக்கும் கடல் எங்கள் கடலும் ஆகும்.