பூ ஏன் உதிர்கிறது?

பிள்ளை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிறான். வாசலில் பூச்செடி, சுவரில் விளக்கு, கூரையில் கொடி. அப்பாவிடம் காட்டத் தூக்கிக்கொண்டு ஓடும்போது சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை. பூவும் விளக்கும்தான் உதிர்கின்றன. ஒரே அழுகை. அம்மாவின் கை பசை டியூபைத் தேடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில், பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் பொம்மை செய்கிறவர்களுக்கு இது பழகிய பிரச்சினை. அகல்விளக்கு, மின்சார பியூஸ் கட்டை என்று பல சாமான்கள் செய்யும் ஊர் அது. அகலுக்கு ஒட்டுவேலை கிடையாது. பொம்மை அப்படியல்ல. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து உடம்பு உருவாகும். மிச்சக் கூழைக் கொட்டிவிடுவார்கள். நீட்டிய கை, தனியே நிற்கும் காது, பூ போன்றவற்றைத் தனியாகச் செய்துதான் ஒட்ட வேண்டும்.

எப்போது ஒட்டுவது என்பதில்தான் சூட்சுமம். உடம்பு ஈரம் பாதி வற்றி, தொட்டால் தோல்போல இருக்கும் பக்குவத்தில் ஒட்ட வேண்டும். சேரும் இடம் இரண்டையும் கீறிவிட்டு, நடுவே அதே மண்ணின் கூழைத் தடவி அழுத்துவார்கள். உடம்பு காய்ந்தபின் ஈரப் பூவை வைத்தால், காயும்போது பூ மட்டும் சுருங்கி விரிசல் விடும். தப்பித்தவறி நின்றாலும் சூளை சும்மா விடாது. சுட்டபிறகு களிமண் கூழால் ஒட்டவே முடியாது. ஆக, பூ எங்கே வரும் என்பதை உடம்பு ஈரமாக இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

பிளாஸ்டிக் வீட்டுக்கும் இதே கணக்குதான். என்ன, ஈரத்துக்குப் பதில் மில்லிமீட்டர்! டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையில் மேலே குமிழ்கள், அடியில் குழாய்கள். குமிழ் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இறுக்கமாக மாட்டிக்கொள்வதால்தான் கட்டைகள் பிரியாமல் நிற்கின்றன. அலங்காரத் துண்டுகளுக்கு இன்னொரு அளவும் உண்டு: சுமார் 3.2 மி.மீ. குச்சி. பொம்மை மனிதனின் கை பிடிப்பதும், கவ்வித் துண்டு கவ்வுவதும், நடுவில் ஓட்டை உள்ள குமிழுக்குள் இறங்குவதும் அந்தக் குச்சிதான். வெவ்வேறு கம்பெனிக் கட்டைகளைக் கலந்தால் பிடிமானம் தளர்வது இந்த அளவுகள் மயிரிழை மாறுவதால்தான்.

பையன் செய்த தவறு இதுதான்: சுவரை எழுப்பி முடித்துவிட்டு, விளக்கை எங்கே மாட்டலாம் என்று தேடினான். வழவழப்பான சுவரில் எதைப் பிடித்து நிற்கும்? பக்கவாட்டில் குமிழ் வைத்த கட்டையைச் சுவர் எழும்பும்போதே உள்ளே வைத்துக் கட்டியிருந்தால் விளக்கு அதில் 'டக்'கென்று உட்கார்ந்திருக்கும். ஒரே குமிழில் மாட்டியது சுழலும். காற்றாடிக்கு அது நல்லது, பெயர்ப் பலகைக்கு ஆகாது. பலகைக்கு இரண்டு குமிழாவது கொடுங்கள். இரண்டு குமிழ் அகலமுள்ள வாசலுக்கு நேர் நடுவே பூ வேண்டும் என்றால், அதே நீளத்தில் நடுவே ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள தட்டைத் துண்டு இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பீங்கான்காரர்களுக்குக் கிடைக்காத சலுகையும் இங்கே உண்டு. சுவரைப் பிரித்து, கட்டையை மாற்றி, மறுபடி கட்டலாம். பசை தடவினால் அதுவும் போச்சு. அவசரப் பசை விரலையும் ஒட்டிவிடும் என்பது தனிக் கதை.

உதிர்ந்த பூவை அலட்சியமாக விடக்கூடாததற்கு இன்னொரு காரணம், வீட்டில் தவழும் தம்பி. சுமார் 3 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாகப் போகும் எதுவும் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். பூத்துண்டு அதைவிடச் சிறியது. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போது அதைப் பாருங்கள். அதோடு பெட்டியில் உள்ள வயது எண்ணையும் படியுங்கள். அந்த எண் பெரியவனுக்குப் பொருந்தினால் போதாது, அதே அறையில் தவழ்கிறவனையும் நினைக்க வேண்டும்.

விளையாடி முடித்ததும் பெரிய கட்டைகளைக் கூடையில் அள்ளிப் போடலாம். பூ, விளக்கு, கொடி இவற்றை மட்டும் எண்ணி, இறுக மூடும் டப்பாவில் போட்டு, தம்பி தூங்கி எழுவதற்குள் மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். எண்ணும் வேலையைப் பெரியவனிடமே கொடுங்கள்.