கொஞ்சம் சிரிங்க ஸார்!

காமிராவைத் தூக்கினால் போதும், என் அப்பா ரேஷன் கார்டு முகத்துக்குப் போய்விடுவார். ‘சிரிங்கப்பா’ என்றால் இன்னும் மோசம். மேனேஜர் சொல்லும் பழைய ஜோக்குக்கு நாம் சிரிப்போமே, அது வரும். உதடு விரியும், கண் மட்டும் கேஷுவல் லீவில் இருக்கும்.

தப்பு அவர் மேல் இல்லை. 1862-லேயே டூஷேன் என்கிற பிரெஞ்சு டாக்டர் எழுதிவிட்டார்: வாய் நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை, நிஜமாகவே சந்தோஷம் வந்தால்தான் அசையும்.

அப்புறம் எப்படித்தான் நல்ல முகம் எடுப்பது? 1941 டிசம்பர், கனடாவின் ஒட்டாவா. பார்லிமெண்டில் பேசிவிட்டு வரும் சர்ச்சிலுக்காக, முந்தின நாளே லைட்டெல்லாம் வைத்துக் காத்திருந்தார் யூசுஃப் கார்ஷ். வந்தவர் வாயில் சுருட்டு. ஆஷ்ட்ரேயை நீட்டினார், மனுஷன் அசையவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுருட்டைப் பிடுங்கிவிட்டு, காமிராவுக்குத் திரும்பி க்ளிக்! அந்த முறைப்புதான் 2016-ல் வந்த ஐந்து பவுண்டு நோட்டு வரைக்கும் போனது. உடனேயே சர்ச்சில் சிரித்தபடி இன்னொரு படத்துக்கும் நின்றார். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

(உங்கள் மேனேஜரிடம் முயற்சி செய்ய வேண்டாம். இன்க்ரிமென்ட் போய்விடும்.)

நமக்கு ஒரு ஜன்னல் போதும். நேர் வெயில் விழாததாகப் பார்த்து, பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள். முகம் லேசாக வெளிச்சத்தின் பக்கம் திரும்பட்டும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கன்னத்துக்கு ஒரு நிறம் வரும். மறுபக்கம் ரொம்ப இருட்டினால், ஒரு வெள்ளை வேட்டியை அங்கே பிடிக்கச் சொல்லுங்கள். மொபைல் என்றால் கிட்டே போகாதீர்கள், மூக்குதான் விழும். ஆறடி தள்ளி நின்று ஜூம். கையை என்ன பண்ணுவதென்று தெரியாமல்தான் பாதிப் பேர் விறைக்கிறார்கள். ஒரு காபி டம்ளர் கொடுத்துவிட்டு, பேச்சுக் கொடுங்கள்.

போன வருஷம் அப்பாவிடம் ‘முடிஞ்சுதுப்பா’ என்று ஒரு பொய் சொன்னேன். நிம்மதியாக டம்ளரைத் தூக்கியவரிடம், ‘எழுபத்து நாலு ரயில்வே ஸ்டிரைக்ல மாமனார் வீட்டுப் பரண்ல ஒளிஞ்சிருந்தீங்களாமே?’ என்றேன். சிரித்தார் பாருங்கள், காபி சட்டையெல்லாம் சிந்தியது. என் கையும் ஆடிவிட்டது.

போன மாசம் மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. ஸ்டூடியோ படத்தை ஒதுக்கிவிட்டு, அம்மா இதைத்தான் காட்டினாள். ‘ஷார்ப் இல்லையே ஸார், சட்டையில கறை வேற...’ என்று இழுத்தார் லேப்காரர்.

‘அப்படியே பெரிசு பண்ணுங்க’ என்றேன்.