எந்த பிளேட் யாருக்கு?



எங்கள் ஜிந்துப்பிட்டித் தையல் வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் போன மாதம் முகம் வாடி இருந்தார். ரொறன்ரோவில் உள்ள தங்கை, மகளின் ஸ்கேட்டிங் சப்பாத்துக்கு விலைகூடிய பிளேட் வாங்குவதால் இம்முறை காசு அனுப்ப மாட்டாராம். பிள்ளை பழகத் தொடங்கி எட்டு மாதம்தான். போட்டிகளில் வெல்பவர்கள் போடும் பிளேட்தான் வேண்டுமாம்.

பனிக்கட்டியைப் பற்றி எங்களுக்கென்ன என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டு அடுப்பும் அந்தக் காசில்தானே எரிகிறது. நான் விசாரித்துப் பார்த்தேன்.

பிளேட்டின் முன்நுனியில் பல் உண்டு. உயரத் துள்ளுபவருக்கு அது பெரிதாக இருக்க வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளையை அதே பல் தடக்கி விழுத்தும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கொரனேஷன் ஏஸ், ஒற்றைச் சுற்றுத் துள்ளல்கள் பழகியவர்களுக்கு. பற்றர்ன் 99, கோல்ட் சீல் எல்லாம் இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றுபவர்களுக்கு. தொடக்கத்தில், சப்பாத்தோடு பொருத்தியே வரும் சாதாரண பிளேட் போதும். வளரும் கால், அடுத்த வருடம் சப்பாத்தே அளவில்லாமல் போகும். செலவழிப்பதானால் கணுக்காலை இறுகப் பிடிக்கும் சப்பாத்துக்குச் செலவழிக்கலாம். பழகி முடிந்ததும் ஈரத்தைத் துடைக்காவிட்டால் பிளேட் துருப்பிடிக்கலாம்.

அக்கா இதைத் தொலைபேசியில் சொல்ல, தங்கைக்கு முதலில் கோபம். பிறகு பயிற்சி ஆசிரியையைக் கேட்டாராம். அவரும் இதையே சொன்னாராம்.

காசு வந்துவிட்டது. பிள்ளைதான் இன்னும் பெரியம்மாவோடு கதைக்கவில்லை.