அழைப்பிதழ் இல்லாதவர்களும் வரலாம்



சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் பிழைப்பின் நிமித்தம் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்த குடும்பங்கள் அநேகம். விடுமுறை நாளில் அவர்கள் கடைவீதிக்குப் போகிறார்கள். கடற்கரைக்கும் பூங்காவுக்கும் போகிறார்கள். ஆனால் ஓவியக் கண்காட்சி நடைபெறும் கூடத்தையோ, நாடக அரங்கையோ கடக்கும்போது மாத்திரம் நடையைத் துரிதப்படுத்துகிறார்கள். "அது படித்தவர்களும் பணக்காரர்களும் கூடும் இடம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்பதே அவர்கள் மனதில் உள்ள எண்ணம். அந்தக் கூச்சம் நியாயமானதுதானா என்று இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

நீங்கள் பிறந்த மண்ணில் கலையைக் காண யாரும் அழைப்பிதழ் கேட்டதில்லை. சித்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். கூலிக்காரரும் நிலக்காரரும் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். நடிகன் அடி தவறினால் முன்வரிசைக் கிழவருக்கு உடனே தெரிந்துவிடும். இப்படிப் பார்த்துப் பழகிய ஜனங்கள்தாம் நீங்கள்.

பார்க்கிறவர்களின் வல்லமையை அறிய ஒரு வரலாறு போதும். 1904ஆம் ஆண்டு ரேபல்லெயில் பிறந்த நாகையா, சித்தூருக்கு வெளியூர்க்காரர். அவ்வூரின் ராம விலாச சபை மேடையில் சாரங்கதரா நாடகத்தில் சித்ராங்கியாகப் பெண் வேடமிட்டு நடித்தார். ஊரார் அவருடைய குரலையும் நடிப்பையும் கண்டு அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டார்கள். 1938இல் திரைப்படத்திற்குச் சென்ற அவர், அசோக்குமார் (1941), மீரா (1945) முதலிய தமிழ்ப் படங்களிலும் புகழ்பெற்றார்; 1965இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இத்தனைக்கும் அவர் பெயருக்கு முன்னால் நின்றது பிறந்த ஊரல்ல. உட்கார்ந்து பார்த்த ஊர். இன்றும் அவர் சித்தூர் நாகையாவே. குடிவந்த ஒருவனுக்குத் தன் பெயரையே கொடுத்த ஊரின் பிள்ளைகள், குடிபோன ஊரில் வாசலில் நின்று தயங்கலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். பெருநகரக் கூடங்களின் சுவரில் தொங்கும் துணி ஓவியங்களில் பல, உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே வந்தவை. 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரியைத்தான் சொல்கிறேன். பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். மூங்கில் குச்சியின் முனையில் கம்பளியைச் சுற்றி எழுதுகோல் செய்வார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு மை எடுப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர் தீட்டுவார்கள். நிறத்துக்கு நிறம் துணியை ஓடும் நீரில் அலசி வெயிலில் உலர்த்தவேண்டும். இக்கலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்பச் செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இதிகாசக் காட்சிகளை வரையும் இக்கலைஞர்களில் சிலர் இயேசுவின் சரித்திரத்தையும் துணியில் தீட்டியுள்ளனர்.

ஆகவே கூச்சத்தை விட்டு உள்ளே செல்லுங்கள். பெரும்பாலான கண்காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூடுமானால் திறப்பு நாளிலேயே போங்கள். மற்ற நாட்களில் ஓவியம் மாத்திரமே இருக்கும். அன்றைக்கு அதை வரைந்தவரும் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பார். "இந்தக் கறுப்பு எப்படி வந்தது? எத்தனை நாள் பிடித்தது?" என்று தாராளமாகக் கேளுங்கள். விலை கேட்பவர்கள் பலர். வேலையைக் கேட்பவர்கள் சிலரே. ஓவியத்தின் அருகே சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று பொருள். பிள்ளைகள் கையால் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வருமுன் பார்வையாளர் ஏட்டில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் போதும்.

நாடகமானால் நேரம் முக்கியம். பெங்களூரில் 2004இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா அரங்கில், நாடகம் தொடங்கிய பின் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. டிக்கெட் கையில் இருந்தாலும் அதே விதிதான். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மேடையில் நிற்பவன் சினிமாத் திரையல்ல. கைப்பேசி மணி ஒலித்தால் அவனுக்குக் கேட்கும், நீங்கள் சிரித்தாலும் கேட்கும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கலம்காரி போலவே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்ட துணிகள் கடைகளில் மலிவாகக் குவிந்துள்ளன. வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாவிட்டால், பல நாள் உழைத்த கை, ஒரு மணி நேர அச்சோடு விலையில் போட்டியிட நேரிடும். அந்தப் போட்டியில் கை ஜெயிக்காது. கையால் வரைந்த துணியில் ஒரே பூ பத்து முறை வந்தாலும், ஒன்றைப்போல் மற்றொன்று அச்சாக இராது; கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். இதைக் கண்ணால் கண்டு பழகியவர் ஏமாறமாட்டார். அப்படிப்பட்ட கண்கள் குறைந்தால், வரைகிறவரின் பிள்ளை தகப்பனுடைய எழுதுகோலை வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் புறப்படுவான்.

நகரத்தில் வளரும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது கோடை விடுமுறைக்குப் போகும் பாட்டி வீடு மாத்திரமாகிவிட்டது. ஒருநாள் மாலை அவர்கள் கையைப் பிடித்து ஒரு கண்காட்சிக்குள் அழைத்துச் செல்லுங்கள். சுவரில் தொங்கும் துணியைக் காட்டி, "இது நம்ம ஊர்ப் பக்கத்து வேலை" என்று சொல்லுங்கள். வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. பத்து நிமிடம் நின்று, பொறுமையாய்ப் பாருங்கள்.